சம்மட்டிக்கு அடியில் ஒரு முகம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிழக்கே, வைப்பாற்றின் கரையில் இருக்கிறது வெம்பக்கோட்டை. பட்டாசு ஆலைகளும் கரிசல் காடுகளும் சூழ்ந்த அந்த வட்டாரத்தின் தொல்மேட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் அகழத் தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, செப்புக் காசு எனக் கிடைத்தவற்றுக்கு நடுவே சூதுபவளக் கல் ஒன்றும் உண்டு. திமிலுள்ள காளை ஒன்று அதில் பாய்கிறது. காளையின் உடல் கல்லுக்கு மேலே புடைத்து நிற்கவில்லை. உள்ளே குழியாக இறங்கியிருக்கிறது. ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால்தான் காளை எழுந்து நிற்கும்.

மேடாகத் தெரிய வேண்டியதைப் பள்ளமாக வெட்டுவது, வலப்பக்கம் பார்க்க வேண்டிய முகத்தை இடப்பக்கம் பார்க்க வைத்துச் செதுக்குவது: ரோமாபுரியின் நாணயக் கலை முழுவதும் நின்றது இந்தத் திறமையின் மேல்தான். முத்திரைக் கல் வெட்டும் தொழிலும் காசுக்கு அச்சு வெட்டும் தொழிலும் ஒட்டிப் பிறந்தவை. அகஸ்டஸ் பேரரசரின் முத்திரையை வெட்டியவர் தியோஸ்கூரிதஸ் என்ற கிரேக்கக் கல் வேலைக்காரர். அவர் பெயரை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அதே பேரரசரின் முகத்தைக் கோடிக்கணக்கான காசுகளில் பதித்த அச்சு வேலைக்காரர்களின் பெயர்களோ காசில் இல்லை. அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன் சிசிலித் தீவின் சிரகூஸ் நகரத்தில் கிமோன், யுஐனெதஸ் போன்ற கலைஞர்கள் தங்கள் அச்சில் கையெழுத்தே இட்டிருந்தார்கள். ரோமாபுரியில் காசில் இடம் பெறும் உரிமை ஆள்பவருக்கு மட்டும் என்றாகிவிட்டது.

ஒரே ஓர் இடத்தில் அந்தத் தொழிலாளிகள் கூட்டமாக வெளிப்படுகிறார்கள். கி.பி. 115இல் ரோமாபுரி அக்கசாலைத் தொழிலாளிகள் தெய்வங்களுக்குக் காணிக்கையாகக் கல்வெட்டுகள் நட்டார்கள். அச்சோடு தொடர்புடையவர், வெற்றுக் காசை அச்சின் மேல் வைப்பவர், சம்மட்டி அடிப்பவர் என்று அவற்றில் தனித்தனி வேலைப் பிரிவுகள் வருகின்றன. ஒரு காசு பிறக்க எத்தனை கை வேண்டும் என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று இல்லை.

ஓர் அடியில் நடப்பது

அகஸ்டஸ் காலத்து வெள்ளிக் காசான தினாரியஸ் சுமார் 3.9 கிராம் எடையும் 19 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்டது. பொன் காசான ஆரியஸ் ஏறக்குறைய அதே அகலம். பொன்னின் அடர்த்தியால் எடை மட்டும் இரட்டிப்பு, சுமார் 7.8 கிராம்.

முதலில் எடை பார்த்த வெற்று வில்லைகளைத் தயாரிப்பார்கள். அடி அச்சு பட்டடையில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். சூடேற்றிய வில்லையை அதன் மேல் வைத்து, அதற்கு மேல் இன்னோர் அச்சைக் கையால் நிறுத்திப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் உருவம் ஏறிவிடும்.

அந்த நொடியில் உலோகத்துக்குள் நடப்பது சுவையானது. வெள்ளி உருகுவதில்லை, உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். திடமாக இருந்தபடியே அது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது, வழிகிற வழியில் அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. அச்சில் மிக ஆழமான இடம் கன்னமும் கழுத்தும். அவை நிரம்ப நிறைய உலோகம் வேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் கன்னம் ஆழமாக இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே, மறுபக்கத்திலும் ஆழமான உருவம் வந்துவிட்டால் உலோகம் இரண்டுக்கும் போதாது. ஏதாவது ஒன்று மழுங்கிப் பிறக்கும். தேய்மானம் என்று நாம் நினைக்கும் பல மழுங்கல்கள் பிறவிக் குறைகளே. நல்ல அச்சு வேலைக்காரர் இரு பக்க உருவங்களின் ஆழத்தையும் மனத்தில் கூட்டிக் கழித்துத்தான் வரைந்திருக்க வேண்டும்.

வில்லை ஆறிப் போயிருந்தால் உலோகம் வழிய மறுக்கும், விளிம்பு வெடிக்கும். அடி வாங்கிய உலோகத்தின் நுண்மணிகள் நசுங்கி நீண்டு, காசு இறுகும். இன்றைய காசைச் சுற்றி அச்சடிக்கும்போது ஒரு வளையம் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அது துல்லிய வட்டமாக வருகிறது. ரோமாபுரிக் காசுக்கு அந்த வளையம் கிடையாது. ஒரு பக்கம் தள்ளிப் போன உருவம், பாதி எழுத்து வெளியே விழுந்த சொற்றொடர், முழு வட்டமாகாத விளிம்பு எல்லாம் அதனால் வருபவை.

அவசரத்தில் நேரும் இன்னொரு பிழை உண்டு. அடித்த காசு சில வேளை மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒட்டியிருக்கும் காசே அச்சாகிவிடும். புதுக் காசின் ஒரு பக்கம் பேரரசர் புடைத்து நிற்பார். மறுபக்கம் அவரே குழிக்குள் திரும்பிப் பார்ப்பார்.

முகம் எப்போதும் அடி அச்சில் இருந்ததற்கும் காரணம் இருக்கிறது. பட்டடையின் தாங்கலில் இருப்பதால் அடி அச்சு ஆழமான செதுக்கலைப் பொறுத்துக்கொள்ளும். மேல் அச்சு சம்மட்டியின் அடியை நேரே வாங்கிச் சீக்கிரம் விரிசல் விடும், மாற்ற வேண்டும். ஒரே முக அச்சோடு இரண்டு மூன்று பின்பக்க அச்சுகள் அடுத்தடுத்துச் சேர்வது இப்படித்தான். முகத்தில் விரிசல் வளர்ந்துகொண்டே போவதை வைத்து, எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று நாணயவியலாளர்கள் வரிசைப்படுத்திவிடுகிறார்கள்.

19 மில்லிமீட்டரில் ஓர் அரசு

முகம் ஏன் பக்கவாட்டில் இருக்கிறது? நேர்முகமாகச் செதுக்கினால் மூக்குதான் காசின் உச்சி. கைமாறக் கைமாற முதலில் தேய்வது உச்சிதான். சில ஆண்டுகளில் மூக்கில்லாத அரசர் மிஞ்சுவார். பக்கவாட்டு முகத்தில் நெற்றி, மூக்கு, மோவாய் மூன்றும் வெளிக்கோடாகிவிடுகின்றன. முகத்தின் மேடு தேய்ந்தாலும் கோடு நிற்கும், ஆளை அடையாளம் தெரியும்.

உயிரோடு இருக்கும் ரோமானியர் ஒருவரின் முகம் ரோமாபுரி நகரத்துக் காசில் முதலில் வந்தது கி.மு. 44இல், அவர் ஜூலியஸ் சீசர். அதே ஆண்டு அவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் இரண்டே ஆண்டுக்குள் தன் முகத்தை ஒரு பக்கமும் இரண்டு குத்துவாட்களை மறுபக்கமும் பதித்துக் காசு வெளியிட்டார். காசு அரசியல் பேசத் தொடங்கிவிட்டது.

பேசிய விதம் ஆளுக்கு ஆள் வேறு. அகஸ்டஸ் 75 வயதைக் கடந்து இறந்தவர். காசில் கடைசிவரை இளைஞர். நீரோ இளைத்த பையனாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு கழுத்து தடித்து, அடுக்கடுக்கான தலைமுடியோடு முடிகிறார். அவருக்குப் பின் வந்த போர்வீரர் வெஸ்பாசியன் வழுக்கையையும் நெற்றிச் சுருக்கத்தையும் மறைக்கவில்லை. ஆடம்பரம் போதும், உழைப்பாளி வந்துவிட்டேன் என்று அறிவிக்க அந்தச் சுருக்கம் அவருக்கு வேண்டியிருந்தது.

கலையின் உச்சம் பெரிய பித்தளைக் காசுகளில் இருக்கிறது. நீரோவின் காசு ஒன்று ஒஸ்தியா துறைமுகத்தை வானிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும்; கப்பல்கள், அலைதாங்கிச் சுவர்கள் எல்லாம் அதில் உண்டு. பேரரசர் தீதஸின் காசில் கொலோசியம் வெளிவளைவுகளோடும் உள்ளே நிறைந்த பார்வையாளர் கூட்டத்தோடும் ஒரே நேரத்தில் தெரிகிறது. கண்ணால் அப்படிப் பார்க்கவே முடியாத கோணம் அது. ஆனால் கடல் தாண்டிப் பெருமளவில் நம் கரைக்கு வந்தவை பொன்னும் வெள்ளியும்தான். அவற்றுள்ளும் வந்தது ஒரு குறுகிய தேர்வு.

இரண்டு காசுகளின் வெற்றி

கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842, 1891, 1931 என்று மூன்று ஆண்டுகளில் ரோமானியக் காசுப் புதையல்கள் வெளிவந்தன. கரூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டையை அடுத்த பூதிநத்தம், கத்தாங்கண்ணி எனக் கொங்கு நாடெங்கும் இப்படிப் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையிலிருந்து வந்த வணிகப் பாதையும், படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல் சுரங்கங்களும் இதற்குக் காரணம். யவனர் கலம் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்வது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த செய்தி.

இந்த வெள்ளிப் புதையல்களைக் கொட்டிப் பிரித்தால் இரண்டு வகைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அகஸ்டஸ் அடித்த காசு. பின்பக்கத்தில் அவர் தத்தெடுத்த பேரன்கள் காயஸும் லூசியஸும் நிற்பார்கள். நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். இவர்கள்தான் என் வாரிசுகள் என்று உலகுக்குச் சொல்ல அடித்த காசு. லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். இன்னொன்று, அகஸ்டஸுக்குப் பின் வந்த திபேரியஸின் காசு. செங்கோலும் கிளையும் ஏந்தி நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். திபேரியஸின் தாய் லிவியா என்று பலர் கருதுகிறார்கள். ஏறத்தாழ அவருடைய ஆட்சி முழுவதும், கி.பி. 14 முதல் 37 வரை, இந்த வடிவம் மாறவே இல்லை.

வாரிசு அரசியலோ லிவியாவின் பெருமையோ வெள்ளலூர் வணிகருக்குத் தேவையில்லை. அவருக்குத் தேவை வெள்ளியின் தரம். இங்கே ரோமானியர் வருமுன்பே வெள்ளி முத்திரைக் காசுகள் புழங்கின. எடை போட்டு, குறி பார்த்து, உரசி வாங்கும் பழக்கம் ஊறியிருந்தது. அப்படிப்பட்ட சந்தையில் ஒரே உருவம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் வந்து, ஒவ்வொரு முறையும் வெள்ளியும் சுத்தமாகவே இருந்தால், அந்த உருவமே தரச் சான்றாகிவிடும். இரு இளவரசர்களும் நாற்காலிப் பெண்ணும் இங்கே அந்த வேலையைத்தான் செய்தார்கள்.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, இலங்கைக்குக் காற்றில் அடித்துச் செல்லப்பட்ட ரோமானியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அவரிடமிருந்த தினாரியஸ்களைப் பார்த்த அந்நாட்டு அரசர் வியந்தாராம்: முகங்கள் வெவ்வேறு ஆட்களுடையவை, எடையோ ஒன்றே. ரோமாபுரியின் நேர்மைக்கு அரசர் அதையே அடையாளமாகக் கொண்டார் என்கிறார் பிளினி. கதையில் தற்பெருமை கலந்திருக்கலாம். ஆனாலும் வெளியூர்க் காசை நம் பக்கத்து மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அது சரியாகப் பிடித்துவிட்டது.

வெள்ளித் தோலுக்கு உள்ளே

கி.பி. 64இல் நீரோ வெள்ளிக் காசில் கை வைத்தார். ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடிக்கச் செய்தார். காசின் எடை 3.4 கிராமாகக் குறைந்தது. பொன் காசும் சற்று இளைத்தது. எடையைத் தராசு காட்டிக்கொடுக்கும். வெள்ளியில் எவ்வளவு செம்பு கலந்தார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

தடை, காசின் தோலிலேயே இருந்தது. செம்பு கலந்த வெள்ளி வில்லையைக் காற்றில் சூடாக்கினால் மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாகிக் கறுக்கும். மென்மையான அமிலத்தில் முக்கினால் அந்தக் கறுப்பு கரைந்துபோகும்; மேலே நுண்துளைகளோடு வெள்ளி மட்டும் மிஞ்சும். அதன் மேல் சம்மட்டி விழுந்ததும் துளைகள் அடைபட்டுப் பளபளப்பான வெள்ளித் தோல் உருவாகிவிடும். எக்ஸ் கதிர் கொண்டு மேற்பரப்பை அளப்பவருக்கு அந்தத் தோல்தான் விடை சொல்லும், உள்ளே இருப்பது தெரியாது.

கெவின் புட்சர், மேத்யூ போன்டிங் என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் காசின் விளிம்பில் நுண்ணிய துளையிட்டு உள்ளிருந்து தூள் எடுத்துச் சோதித்தார்கள். நீரோவின் சீர்திருத்தக் காசில் வெள்ளி சுமார் 80 விழுக்காடே என்று தெரிந்தது. அகஸ்டஸ் காலத்தில் அது ஏறத்தாழ முழு வெள்ளி.

நம் புதையல்களைப் பாருங்கள். நீரோவுக்குப் பிந்திய வெள்ளிக் காசு இங்கே அருகிவிடுகிறது. பொன் காசோ தொடர்கிறது. நீரோ காலத்துக்குப் பிறகும் ஏற்றுமதிக்கென்று பழைய காசுகளைப் பொறுக்கி அனுப்பினார்கள் என்று நாணயவியலாளர் பலர் கருதுகிறார்கள். எக்ஸ் கதிரையே ஏமாற்றிய வெள்ளித் தோலால், உரைகல்லும் தராசும் வைத்திருந்த சந்தையை ஏமாற்ற முடியவில்லை.

வெட்டும் துளையும்

1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 பொன் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலானவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் பிரான்சிஸ் ஹில் அதே ஆண்டில் அவற்றைப் பற்றி எழுதினார். காசுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் உளியால் வெட்டுப்பட்டவை. வெட்டு விழுந்த இடம் பேரரசரின் முகம்.

உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது எளிதாகத் தோன்றும் விளக்கம். ஆனால் சோதனைக்கு எந்த இடத்தில் வெட்டினாலும் போதுமே. பின்பக்கத்தை விட்டு முகத்தையே ஏன் தேட வேண்டும்? காசைக் காசாகப் புழங்கவிடாமல் செல்லாததாக்கவே வெட்டினார்கள் என்று ஹில் கருதினார். இந்த விளக்கமே பொருந்துகிறது. வெட்டியவருக்கு அந்த முகத்தின் வேலை தெரிந்திருக்கிறது. அதை அழித்ததும் பேரரசரின் ஆணை போயிற்று. ஏழு கிராம் சொச்சம் பொன் மட்டும் மிஞ்சிற்று.

வேறு சிலர் இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டார்கள். தென்னிந்தியாவில் கிடைத்த பொன் காசுகள் பலவற்றில் தலைக்கு மேலே துளை இருக்கிறது. கயிற்றில் கோத்தால் முகம் நேராகத் தொங்கும். காசுமாலைக்குள் அகஸ்டஸும் திபேரியஸும் புகுந்துவிட்டார்கள். காசு போதாதபோது உள்ளூரிலேயே போலி அடித்தார்கள். அந்தப் போலிகளில் கவனிக்க வேண்டியது எழுத்து. லத்தீன் படிக்கத் தெரியாத கை முகத்தை நன்றாகவே நகல் எடுக்கிறது. சுற்றியுள்ள சொற்கள் மட்டும் நேர்கோடுகளாகவும் ஆப்பு வடிவங்களாகவும் கரைந்து கோலமாகிவிடுகின்றன. நகலுக்கு நகல் எடுக்கும்போது சிதைவு கூடிக்கொண்டே போகும். எந்தப் போலி மூலத்துக்கு நெருக்கம், எது தூரம் என்று அந்தச் சிதைவை வைத்தே சொல்லலாம்.

மாக்கோதையின் பதில்

கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து கிடைத்த வெள்ளிக் காசுகளில் ஒரு வகை, தலையைப் பக்கவாட்டில் காட்டுகிறது. ரோமானியக் காசில் இருப்பதுபோலவே தலையைச் சுற்றி எழுத்து வளைந்து ஓடுகிறது. எழுத்து தமிழி, பெயர் மாக்கோதை, சேர அரசர். குட்டுவன் கோதை என்ற பெயரோடும் இப்படிக் காசு உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி சங்ககாலக் காசுகளைத் தேடித் திரட்டி வெளியிட்டவர்களில் முதன்மையானவர். ஐராவதம் மகாதேவன் அவற்றின் எழுத்துகளை ஆராய்ந்தார்.

அக்காலத் தமிழ் அரசர்களின் மற்ற காசுகளில் வில், மீன், புலி, யானை போன்ற சின்னங்களே பேசின. பாண்டியன் பெருவழுதியின் செப்புக் காசு சதுரமானது; அதில் பெயர் உண்டு, முகம் இல்லை. மாக்கோதையின் அச்சு வேலைக்காரர் ரோமானியக் காசைப் பார்த்து உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. முகமும் பெயரும் சேர்ந்தால்தான் சான்று முழுமையாகும் என்ற கருத்தையும் பிடித்துக்கொண்டார். போலி அடித்தவர் கோலமாக்கிய எழுத்தை இவர் மறுபடி எழுத்தாக்கினார், தன் மொழியில். ரோமாபுரி வடிவமைப்பை நம் மண் புரிந்துகொண்டதற்கு இதுவே அழுத்தமான சான்று.

பின்னாளில், கி.பி. நான்காம் நூற்றாண்டில், பாண்டிய நாட்டுக்கு வேறு வகைக் காசு வந்தது. மதுரையில் வைகை ஆற்றுப் படுகையிலும், வைகை கடலைச் சேரும் பகுதியிலுள்ள அழகன்குளத்திலும் கிடைப்பவை விரல்நகம் அளவே உள்ள செப்புக் காசுகள். அவற்றில் மணிமுடிப் பட்டை கட்டிய முகம் இருக்கும்; ஆனால் அது எந்தப் பேரரசர் என்று முகத்தைக் கொண்டு சொல்ல முடியாது. வெஸ்பாசியனின் சுருக்கம்போல் ஆளுக்குரிய அடையாளம் எதுவும் இல்லை. பதவிக்குத்தான் முகம், ஆளுக்கு இல்லை. தேய்ந்து தேய்ந்து வழவழப்பான அந்தச் செம்பு, வெள்ளியைப்போலப் பானையில் பதுக்க வந்தது அல்ல. அன்றாடச் சில்லறையாகக் கைமாறியது.

மண்ணிலிருந்து எடுத்ததும்

வைப்பாற்றுப் படுகையில் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பழங்காசு தட்டுப்படுவது நடக்கக்கூடியதுதான். கையில் எடுத்ததும் புளியும் எலுமிச்சையும் தேய்க்கத் தோன்றும். செய்யக்கூடாது. அமிலம் அழுக்கோடு நிற்காது. நாம் மேலே பார்த்த அந்த மெல்லிய தோலையும், அச்சின் விரிசல் விட்ட நுண்கோடுகளையும், உளி வெட்டின் ஓரத்தையும் அரித்துவிடும். பூமியில் புதைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அதைவிட முக்கியம், எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓட்டோடு, எத்தனை காசு சேர்ந்து கிடந்தது என்ற விவரம்.

ஏனென்றால் காசின் இரு பக்கமும் சொல்வது ரோமாபுரி சொல்ல விரும்பியதை மட்டுமே. அதன் பிரதிகள் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒன்று குறைந்தாலும் அகஸ்டஸின் கதை குறையாது. அதை நம் மக்கள் நம்பினார்களா, வெட்டினார்களா, கழுத்தில் கட்டினார்களா, சில்லறையாகச் செலவழித்தார்களா என்பதைச் சொல்வது துளையும் வெட்டும் கிடைத்த இடமும். அந்தப் பாதிக் கதைக்கு இன்னொரு பிரதி கிடையாது.